கொஞ்சம் இடப்பக்கம், ராசா

கத்திரிக்காயிடம் ஒருவர் கெஞ்சுவதை நான் முதன்முதலில் பார்த்தது அந்தமானின் ஹேவ்லாக் தீவில், நான் சமையல்காரனாக இருந்த ரிசார்ட்டின் கொல்லைப்புறத்தில்.

மழை விட்டிருந்த காலை நேரம். தேங்காய் உரிக்கலாம் என்று பின்கதவைத் திறந்தால், ஐம்பது வயதைத் தாண்டிய ஓர் அம்மாள் சேலைத் தலைப்பை இழுத்து இடுப்பில் சொருகிக்கொண்டு ஒரு மர ஸ்டூலுக்கு முன்னால் மண்டிபோட்டிருந்தார். ஸ்டூலின் மேல் கறுப்பு வெல்வெட் துணி. துணியின் மேல் என் கத்திரிக்காய். சமையலறைக் கூடையிலிருந்து கேட்காமல் எடுத்தது.

“கொஞ்சம் இடப்பக்கம், ராசா. அம்புட்டுதான். காம்ப மட்டும் லேசா நிமித்திக்கோ. எஞ் செல்லம்லா.”

கத்திரிக்காய் நிமிரவில்லை. அதற்காக அவர் கோபித்துக்கொள்ளவும் இல்லை. முள் எடுக்கிற இடுக்கியால் காம்பைத் தொட்டும் தொடாமலும் நகர்த்திவிட்டு, முக்காலியில் நின்ற கேமராவுக்குப் பின்னால் போய்ப் பார்த்தார். மறுபடி வந்தார். மறுபடி கெஞ்சினார். நான் செருமினேன். திரும்பிய முகத்தில் அந்தக் கனிவு இருந்த இடமே தெரியவில்லை.

“ஏலே, அங்கன நிக்காத! ஒன் நெழலு பிள்ள மேல விழுதுல்லா?”

நகர்ந்து நின்றேன். இனி அசையக் கூடாது என்று உத்தரவு வந்தது. பத்து நிமிஷம் அசையவில்லை. அடுப்பில் பால் பொங்கி வழிந்து தீய்கிற வாசனை வந்தது, அப்போதும் நின்றேன். எனக்கும் போட்டோ அக்காவுக்கும் பழக்கம் ஏற்பட்டது இப்படித்தான்.

பெயரை எழுத மாட்டேன். எங்காவது இருந்து இதைப் படித்துவிட்டால், “என்னக் கேக்காம என்ன எப்படில படம் புடிச்ச?” என்று சண்டைக்கு வருவார். அவருக்குத் தன்னை யாரும் படமெடுத்தால் ஆகாது. ஊழியர்கள் சேர்ந்து செல்ஃபி எடுக்கிறபோதெல்லாம் தலைப்பால் முகத்தை மூடிக்கொள்வார். எங்கள் எல்லோருடைய போனிலும் அவர் ஒரு பூப்போட்ட துணியாகத்தான் இருக்கிறார்.

தூத்துக்குடிப் பக்கத்துக் கடற்கரை ஊர் ஒன்றிலிருந்து சின்ன வயதில் தகப்பனாரோடு தீவுக்கு வந்தவர். போர்ட் பிளேரில் டெய்ரி ஃபார்ம் என்கிற பேட்டையில் ஒரு ஸ்டூடியோ வைத்திருந்தார். ஸ்டூடியோ இருந்ததே தவிர, மனிதர்களைப் படமெடுப்பதில் அவருக்கு மனசே இல்லை. “மனுசன் ஒரு எடத்துல இருப்பானா? கண்ணச் சிமிட்டுவான், மூக்கச் சொறிவான், என்னைய அழகா எடுத்துக் குடும்பான். ஒரு கத்திரிக்கா என்னைக்காவது அழகா எடுத்துக் குடுன்னு கேட்டிருக்கா?” என்பார். கேட்டதில்லை என்று ஒப்புக்கொண்டால்தான் மேற்கொண்டு பேசுவார்.

அவரிடம் பாஸ்போர்ட் சைஸ் படம் எடுத்துக்கொண்டவர்கள் எங்கள் ரிசார்ட்டிலேயே இரண்டு பேர் இருந்தார்கள். மூக்கில் விழுகிற வெளிச்சம் சரியாகும் வரை முக்கால் மணி நேரம் ஆடாமல் உட்கார வேண்டுமாம். படம் என்னவோ பிரமாதமாகத்தான் இருந்தது. ஆனால் படத்தில் இருந்தவர் நன்றாகத் துடைத்து வைத்த பூசணிக்காய் மாதிரி இருந்தார். பூசணிக்காயைத்தான் மனசில் வைத்து எடுத்திருப்பார் என்று எனக்குச் சந்தேகம்.

கல்யாணங்களுக்கும் ஒரு காலத்தில் போய்க்கொண்டிருந்தவர்தான். டெய்ரி ஃபார்மில் நடந்த ஒரு கல்யாணத்தோடு அது நின்றது. மாதா கோயிலில் பாதிரியார் மந்திரித்து ஆசீர்வதிப்பதற்காகத் தாலியை ஒரு தட்டில் ரோஜா இதழ் பரப்பி வைத்திருக்கிறார்கள். ஜன்னல் வழியாக வெயில் வந்து நேராக அந்தத் தட்டில் விழுந்திருக்கிறது. அக்காவுக்கு அதற்கு மேல் கல்யாணம் கண்ணில் படவில்லை. தாலியை எடுத்தார். கிட்டப் போய் எடுத்தார். தட்டைத் துளி திருப்பி எடுத்தார். பாதிரியார் தாலியைத் தூக்கி மாப்பிள்ளை கையில் கொடுத்த பிறகு, காலித் தட்டில் கிடந்த இதழ்களை எடுத்துக்கொண்டிருந்தார். ஆல்பம் வந்தபோது தாலிக்கு நாற்பது படம் இருந்தது. தாலி கட்டியதற்கு ஒன்றுகூட இல்லை.

பெண்ணின் சித்தப்பா ஸ்டூடியோவுக்கே வந்து கத்தியிருக்கிறார். அக்கா நிதானமாகச் சொன்ன பதில் இது: “கட்டுன பையன் கை நடுங்குச்சு அண்ணாச்சி. தாலிதான் நடுங்கல. நான் என்ன செய்ய?”

அதன் பிறகு ரிசார்ட்டுகளின் மெனு கார்டுக்குச் சாப்பாட்டைப் படமெடுக்கிற வேலைக்கு வந்துவிட்டார். சாப்பாடு கண்ணைச் சிமிட்டாது, சித்தப்பாவும் கிடையாது.

இப்போது என் கதையைச் சொல்ல வேண்டும். எங்கள் ரிசார்ட்டை நடத்திய மேடம் கல்கத்தாவில் பிறந்தவர். அந்த வருஷம் சீசன் தொடங்குவதற்கு முன்னால் ஒரு முடிவெடுத்தார். மெனு கார்டில் இனி எழுத்து மட்டும் இருக்காது, ஒவ்வொன்றுக்கும் படம் இருக்கும். ரஷ்யாவிலிருந்து வருகிறவரும் ராய்ப்பூரிலிருந்து வருகிறவரும் விரலை வைத்துக் காட்டினால் போதும். மொத்தம் எட்டு. எதற்குப் படம் நன்றாக வரவில்லையோ அது மெனுவில் இருக்காது. இதைச் சொல்லிவிட்டு என் பக்கம் திரும்பி, “உன்னுடைய சிவப்புத் தண்ணீர் எப்படி வருகிறது என்று பார்ப்போம்” என்று இந்தியில் சொன்னார்.

சிவப்புத் தண்ணீர் என்று அவர் சொன்னது என் மீன் குழம்பை. நான் மதுரைப் பக்கத்துக்காரன். மெனுவில் இருந்த மற்ற ஏழையும், பாஸ்தாவிலிருந்து பட்டர் சிக்கன் வரை, கரண்டி பிடிக்கத் தெரிந்த யாரும் செய்துவிடுவார்கள். குழம்பு ஒன்றுதான் என்னுடையது. அது போய்விட்டால், மெயின்லேண்டிலிருந்து வெள்ளைத் தொப்பி வைத்த ஒரு செஃப் வருவார், நான் ஊழியர் மெஸ்ஸில் பருப்பு தாளிக்கப் போவேன். இது அங்கே எல்லோருக்கும் தெரிந்திருந்தது. ஊரில் என் மனைவியிடம் நான் ஹெட் குக் என்று சொல்லி வைத்திருந்தேன். அவள் தெரு முழுக்கச் சொல்லி வைத்திருந்தாள். ஆக என் மானம் ஒரு படத்தில் தொங்கிக்கொண்டிருந்தது. அந்தப் படத்தை எடுக்க வேண்டியவரோ கத்திரிக்காயிடம் பேசிக்கொண்டிருந்தார்.

அக்காவின் வேலை முறையைச் சொன்னால் நம்ப மாட்டீர்கள். ஒவ்வொரு சாப்பாட்டையும் இரண்டு தட்டாகச் செய்ய வேண்டும். முதல் தட்டுக்கு அவர் வைத்திருந்த பெயர் தோழன். அதை மேசையில் வைத்து, வெள்ளைத் தெர்மோகோல் அட்டையை ஒரு பக்கமும் உடைந்த கண்ணாடித் துண்டை மறுபக்கமும் நிறுத்தி, வெளிச்சம் சரியாகும் வரை ஒரு மணியோ இரண்டு மணியோ பார்த்துக்கொண்டே இருப்பார். எல்லாம் சரியானதும் சமையலறை நோக்கிக் குரல் கொடுப்பார்: “மாப்பிள்ள வரலாம்!” அப்போது நான் இரண்டாவது தட்டைச் சுடச்சுடக் கொண்டு ஓட வேண்டும். தோழன் எழுந்து இடம் விடுவார், மாப்பிள்ளை உட்காருவார், ஒரு நிமிஷத்துக்குள் படம் முடியும். தோழனாக இருந்து வாடி வதங்கிய தட்டுகளை நாங்கள்தான் மத்தியானம் சாப்பிட்டோம். அந்த வாரம் முழுவதும் ஆறிப்போன பாஸ்தாதான் எங்களுக்கு.

ஃப்ளாஷ் போட மாட்டார். ஜன்னல் வெளிச்சம் மட்டும். அது கம்மியாக இருப்பதால் கேமரா ரொம்ப நேரம் கண்ணைத் திறந்து வைத்திருக்கும். எங்கள் சாப்பாட்டுக் கூடத்துக்குப் பலகைத் தரை. யாராவது நடந்தால் மேசை அதிரும், படம் கலங்கும். ஆகவே அக்கா “ஆரும் அசையாதீய!” என்று சத்தம் போட்டால், வெயிட்டர், விருந்தாளி, பூனை எல்லோரும் நின்ற இடத்தில் நிற்க வேண்டும். ஒரு நாள் திக்லிபூர்க்காரரான எங்கள் வெயிட்டர் சூப் தட்டோடு ஒற்றைக் காலில் நின்றுவிட்டார். “தீதி, அப் ஜாவூங்?” என்று, இப்போது போகலாமா என்று பரிதாபமாகக் கேட்டார். அக்கா திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. “போவலாம்னா சொல்ல மாட்டனா? காலக் கீழ வைக்காத!” என்றார் தமிழில். வெயிட்டருக்குத் தமிழ் தெரியாது. ஆனால் காலைக் கீழே வைக்கவில்லை.

இவ்வளவு பாடுபடுத்துகிறவர் ஏமாற்று வேலை ஏதாவது செய்து சீக்கிரம் முடிக்கலாம் அல்லவா? மற்றவர்கள் மீன் பளபளக்க எண்ணெய் தடவுவார்கள், ஐஸ்கிரீமுக்குப் பதிலாக உருளைக்கிழங்கு மசியலை வைப்பார்கள் என்று நான் கேள்விப்பட்டதைச் சொன்னேன். அக்கா காதைப் பொத்திக்கொண்டார். “திங்க முடியாதத சாப்பாடுன்னு காட்டிட்டு, பாவசங்கீர்த்தனத்துல சாமியார்ட்ட போயி நான் என்னத்தச் சொல்ல? சாமி, உருளக்கெழங்க ஐஸ்கிரீமாக்குனேன்னா?”

வறுத்த இறாலைப் படமெடுத்த நாளை நான் சாகும் வரை மறக்க மாட்டேன். தட்டுக்குப் பக்கத்தில் ஒரு சங்கு இருந்தால் நன்றாக இருக்கும் என்று அவருக்குத் தோன்றியது. தீவில் சங்கு சிப்பி எடுத்துப் போகக் கூடாது. “எரவல்தான், திருப்பி வச்சிருவேன்” என்று கடலைப் பார்த்துச் சொல்லிவிட்டு, மணலில் கிடந்த ஒரு சின்னச் சங்கை எடுத்து வந்தார். மேசையில் வைத்தார். கேமராவுக்குப் பின்னால் போனார். வழக்கம்போல ஆரம்பித்தார்.

“கொஞ்சம் இடப்பக்கம், ராசா.”

சங்கு இடப்பக்கம் நகர்ந்தது.

அக்கா தலையைத் தூக்கினார். என்னைப் பார்த்தார். நானும் பார்த்தேன். நெற்றியில் சிலுவை போட்டுக்கொண்டு, மெதுவாக, “போதும் ராசா” என்றார். சங்கு நிற்கவில்லை. இறாலைச் சுற்றிக்கொண்டு, வெல்வெட்டைத் தாண்டி, மேசை விளிம்பு வரை போய்த் தொப்பென்று கீழே விழுந்தது. உள்ளே குடியிருந்த நண்டு காலை நீட்டி எழுந்து, மறுபடி கடலைப் பார்த்து நடந்தது.

நான் தரையில் உட்கார்ந்து சிரித்தேன். வயிறு வலிக்கச் சிரித்தேன். அக்கா சிரிக்கவில்லை. அன்று முழுவதும் ஒரு மாதிரியாகவே இருந்தார். சாயங்காலம் டீ கொண்டுபோய்க் கொடுத்தபோது சொன்னார்: “இருவது வருசமா கெஞ்சுதேன்ல. மொத தடவையா ஒண்ணு எஞ் சொல்லக் கேட்டுச்சுன்னு நெனச்சேன்.” எனக்கு மேற்கொண்டு சிரிப்பு வரவில்லை.

ஏழு படங்களும் முடிந்தன. குழம்பு மட்டும் முடியவில்லை.

முதல் நாள், மாப்பிள்ளையைக் கொண்டு ஓடினேன். ஆவி போய்க் கேமராவின் கண்ணில் படிந்து எல்லாம் வெள்ளையாகிவிட்டது. ஆவி அடங்கட்டும் என்றார். அடங்குவதற்குள் மீன் துண்டு குழம்புக்குள் முங்கிவிட்டது. இரண்டாம் நாள், மீனைப் பெரிதாக வெட்டினேன். அதுவும் முங்கியது. மேலே தெரிந்தது கறிவேப்பிலையும் தண்ணீரும் மட்டும்தான். மேடம் வந்து கேமராவின் பின்பக்கத் திரையில் பார்த்துவிட்டு ஒன்றும் சொல்லாமல் போனார். ஒன்றும் சொல்லாமல் போகிற மேடத்தை எனக்குப் பிடிக்காது.

“அக்கா, மீனுக்கு அடியில ஒரு கிண்ணத்தக் கவுத்து வச்சிருவமா? வெளிய தெரியாதுல்ல” என்றேன்.

“கிண்ணத்தையும் சேத்துத் திங்கக் குடுப்பியா? குடுப்பேன்னா வையி.”

“அப்ப என்னதான்க்கா செய்யிறது? நாளைக்கு சாயங்காலம் போட்டுக்கு நீங்க கெளம்பிருவீங்க. படம் அச்சாபீஸ் போயிரும். நான் மெஸ்ஸுக்குப் போயிருவேன்.”

அவர் குழம்பையே பார்த்துக்கொண்டிருந்தார். “மொகம் இல்லையேல இதுக்கு” என்றார்.

எனக்கு வந்த கோபத்தில் கரண்டியை எறிந்துவிட்டேன். “கொழம்புக்கு எதுக்குக்கா மொகம்? நாக்குக்குத்தான கொழம்பு? சூடா இருக்கும்போது ஒரு வாய் தின்னு பாத்தீங்களா? நீங்க பாக்குறதுக்குள்ள எல்லாமே ஆறிப் போகுது!”

அக்கா கரண்டியைக் குனிந்து எடுத்தார். என்னிடம் தரவில்லை. ஜன்னல் பக்கம் தூக்கிப் பிடித்து, அதில் வழிந்த குழம்பின் மேல் வெளிச்சம் போகிற விதத்தைப் பார்த்தார். “நாளைக்கு வெயில் வரும்” என்று மட்டும் சொல்லிவிட்டுத் தூங்கப் போய்விட்டார்.

இந்த இடத்தில் என் திருட்டுத்தனம் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். மீன் குழம்பு வைத்த அன்றைக்குச் சுமார்தான். மறுநாள்தான் அதற்குப் புத்தி வரும். புளி மீனுக்குள் இறங்கி, குழம்பு கெட்டிப்பட்டு, எண்ணெய் பிரிந்து மேலே வந்து நிற்கும். இது தமிழ்நாட்டில் சோறு தின்கிற யாருக்கும் தெரியும். ஆனால் எங்கள் சமையலறைச் சுவரில் மேடம் தன் கைப்பட எழுதி ஒட்டிய ஒரு காகிதம் இருந்தது. பாசி சாப்பாடு கண்ணில் பட்டால் செய்தவர் அன்றைக்கே வீட்டுக்குப் போகலாம் என்று. இந்தியில் பாசி என்றால் பழையது, நேற்றையது. ஆகவே விருந்தாளிகளுக்கு அன்றன்று வைத்த குழம்புதான் போகும். எனக்கென்று கொஞ்சம், விளிம்பு உடைந்த ஒரு மண்சட்டியில் எடுத்து, நன்றாக ஒரு கொதி விட்டு, தேங்காய் மூட்டைகளுக்குப் பின்னால் ஒளித்து வைப்பேன். காலையில் அதுதான் என் பலகாரம். ஒரு நாள்கூடத் தவறியதில்லை.

மூன்றாம் நாள் விடியும்போதே மீன் வாங்கத் துறைக்குப் போய்விட்டேன். இரண்டு நாள் கடல் சரியில்லாததால் படகுகள் தாமதமாக வந்தன. நல்ல சங்கரா இரண்டு கிடைத்தது. தூக்கிக்கொண்டு ஓடி வந்தால், அக்கா கொல்லைப்புறத்தில் காலை நீட்டி உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டிருக்கிறார். கேமரா பெட்டிக்குள் போயிருந்தது. வாழை இலைகளுக்கு நடுவே அருமையான வெயில்.

“என்னக்கா, வெளிச்சம் பாக்கலையா? தோழனுக்கு நான் இன்னும் ஒண்ணும் வைக்கவே இல்லியே.”

“கல்யாணம் முடிஞ்சிட்டுல.”

“மாப்பிள்ளையே வரலியேக்கா!”

“தோழன் கெடைக்குமான்னு மூட்டைக்குப் பின்னால தேடுனேன். அங்கன ஒளிஞ்சிருந்தது மாப்பிள்ளையாக்கும்.”

பெட்டியைத் திறந்து கேமராவை எடுத்துக் காட்டினார். நான் பார்த்தேன். கருஞ்சிவப்பாகக் குழம்பு. அதன் மேல் எண்ணெய் தனியே பிரிந்து வெயிலை வாங்கி வைத்துக்கொண்டிருந்தது. கெட்டிப்பட்ட குழம்பிலிருந்து மீன் தலை பாதி எழும்பி, என்ன சேதி என்று கேட்கிற மாதிரி பார்த்தது. முகம் இருந்தது. பதினைந்து வருஷமாக அந்தக் குழம்பை வைக்கிறேன், அது இவ்வளவு அழகு என்று எனக்கே தெரியாது. கண் கலங்கிவிட்டது. பிறகு சட்டியின் உடைந்த விளிம்பைப் பார்த்தேன். கலங்கிய கண் சட்டென்று காய்ந்துவிட்டது.

“அக்கா, இது நேத்து வச்சதுக்கா.”

“அதாம்ல மொகம் இருக்கு.”

“மேடத்துக்கிட்ட சொல்லிராதீங்க. வேலையே போயிரும்.”

“கேட்டாச் சொல்லுவேன்.”

“கேக்காட்டி?”

“கேக்காட்டி எதுக்குச் சொல்லப் போறேன்? எனக்கென்ன கிறுக்கா?”

நான் எனக்குத் தெரிந்த எல்லாச் சாமியையும் வேண்டிக்கொண்டேன். அக்காவின் மாதாவையும் விடவில்லை. மேடம் வந்தார். படத்தைப் பார்த்தார். பெரிதாக்கிப் பார்த்தார். முகம் மலர்ந்தது. இதுதான் மெனுவின் முதல் பக்கம் என்றார். நான் மூச்சு விட்டேன். மூச்சை முழுசாக விடுவதற்குள் புருவத்தைச் சுருக்கினார். எனக்கு நீ தருகிற குழம்பு இப்படி இருக்காதே, இதை எப்போது வைத்தாய் என்று கேட்டார்.

கேட்டது என்னைத்தான். பதில் சொன்னது அக்கா. அவருக்குத் தெரிந்த இந்தி கொஞ்சம்தான், அந்தக் கொஞ்சத்தில் இந்தச் சொற்கள் இருந்தது என் விதி.

“பாசி மேடம். ஏக்தம் பாசி.”

பழசு, சுத்தப் பழசு என்று அர்த்தம். மேடம் சுவரில் இருந்த காகிதத்தைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். ஊரில் என் மனைவி தெருவில் தலைகுனிந்து நடப்பது எனக்குத் தெரிந்தது. அந்தச் சட்டி எங்கே என்றார். கொண்டுவந்து வைத்தேன். குப்பையில் கொட்டச் சொல்வார் என்று நினைத்தேன். அவர் முதலில் முகர்ந்து பார்த்தார். சுண்டுவிரலை விளிம்பில் தொட்டு நாக்கில் வைத்தார். நின்றார். மறுபடி தொட்டார். பிறகு நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தார். “சாவல் லாவோ” என்றார். சோறு கேட்கிறார் என்று புரிய எனக்கு ஒரு நிமிஷம் பிடித்தது.

கல்கத்தாக்காரர்கள் மீன் தலையைச் சாப்பிடுவதைப் பார்க்க வேண்டும். முள்ளை ஒவ்வொன்றாக உருவி ஓரமாகக் குவித்தார். இரண்டாம் தரம் சோறு வாங்கினார். நான் நகர்ந்து போய்த் தண்ணீர் கொண்டுவரலாம் என்று ஓர் அடி எடுத்து வைத்தேன். “அசையாதல!” என்று பல்லைக் கடித்தார் அக்கா. கேமரா பெட்டியில்தான் இருந்தது. இருந்தாலும் அசையவில்லை.

மேடம் கை கழுவ எழுந்ததும், அக்கா கேமராவை எடுத்து, தட்டில் ஓரமாகக் குவிந்திருந்த முள்ளை மூன்று படம் எடுத்தார். “ஒனக்குச் சாட்சி வேணும்லா” என்றார். சாட்சி தேவைப்படவில்லை. மேடம் பேனாவோடு திரும்பி வந்து, சுவரில் இருந்த காகிதத்தில் பாசி சாப்பாடு என்பதற்குக் கீழே, மீன் குழம்பு நீங்கலாக என்று எழுதிவிட்டுப் போனார்.

அன்றிலிருந்து இன்று வரை எங்கள் ரிசார்ட்டில் இன்றைய மீன் குழம்பு கிடையாது. ஃப்ரெஷ்ஷா என்று யாராவது கேட்டால், “இல்லை சார், நேற்றையது. இன்றைக்கு வைத்தது உங்களுக்கு நாளைக்குத்தான் கிடைக்கும்” என்று வெயிட்டர் பெருமையாகச் சொல்கிறார். அதற்காகவே ஒரு நாள் கூடுதலாகத் தங்கிய ஆட்கள் உண்டு. தொப்பி வைத்த செஃப் வரவே இல்லை.

அன்று சாயங்காலம் அக்காவைத் துறை வரை கொண்டுபோய் விட்டேன். தூக்குவாளியைக் கையில் கொடுத்தேன். “எப்ப வச்சது?” என்றார். “நேத்துக்கா” என்றேன். மூடியைத் திறந்து, ஓர் ஆளை விசாரிக்கிற மாதிரி உள்ளே பார்த்து, “வாரியளா ராசா, போவமா?” என்று குழம்பிடம் கேட்டுவிட்டு போட்டில் ஏறினார். என்னிடம் போய் வருகிறேன் என்று சொல்லவில்லை.

பிறகு இரண்டு மூன்று தரம் போனில் பேசியிருக்கிறோம். அப்புறம் அந்த நம்பர் அடிக்கவில்லை. ஸ்டூடியோவை மூடிவிட்டு மெயின்லேண்டில் மகளிடம் போய்விட்டார் என்று டெய்ரி ஃபார்மில் சொன்னார்கள். எந்த ஊர் என்று அவர்களுக்கும் தெரியவில்லை. சொல்லிக்கொள்ளாமல் போனதில் எனக்கு வருத்தம் உண்டு. கத்திரிக்காயாக இருந்திருந்தால் சொல்லிக்கொண்டு போயிருப்பார்.

மெனு கார்டு அதற்குப் பிறகு இரண்டு முறை மாறிவிட்டது. மற்ற ஏழு படங்களும் போய்விட்டன. குழம்புப் படத்தை மட்டும் மேடம் மாற்ற விடவில்லை. போன வருஷம் அதை ஆள் உயரத்துக்குப் பெரிதாக்கிச் சட்டம் போட்டு, சாப்பாட்டுக் கூடத்துச் சுவரில் மாட்டச் செய்தார். ஒரு நாள் காலையில் அதைத் துடைக்க ஸ்டூல் போட்டு ஏறினேன். மெனுவில் சின்னதாக இருந்தபோது தெரியாதது அப்போதுதான் தெரிந்தது.

மீன் தலைக்குப் பக்கத்தில் எண்ணெய் மினுமினுக்கிற இடத்தில், ஒரு புளியங்கொட்டை அளவுக்கு, வெள்ளையாகத் தெர்மோகோல் அட்டையின் பிம்பம் தெரிகிறது. அதை ஒட்டிக் குனிந்தபடி ஓர் உருவம். இடுப்பில் சொருகிய தலைப்பு. முகம் மூடவில்லை. வாய் திறந்திருக்கிறது. என்ன சொல்லிக்கொண்டிருக்கிறார் என்று எனக்குத் தெரியும்.

மீன் அசையவில்லை. கறிவேப்பிலை அசையவில்லை. படத்தில் அசைந்து கலங்கியிருப்பது அவர் ஒருவர்தான்.

துணியைக் கையில் வைத்துக்கொண்டு ரொம்ப நேரம் பார்த்தேன். பின்னால் ஜன்னலில் வெயில் ஏறியிருந்தது. என் நிழல் அவர் மேல் விழுந்தது. ஸ்டூலை விட்டு இறங்கி, நகர்ந்து நின்றேன்.